நூறு மில்லிக்குப் பதினொன்று

செல்வநாயகிக்குச் சர்க்கரை என்றாலே ஜென்மப் பகை. இருக்காதா பின்னே? புருஷன் சாமிக்கண்ணுவின் கால் கட்டைவிரல் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. சர்க்கரை குறையாவிட்டால் விரலையே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அன்றோடு வீட்டில் சர்க்கரை போடாத டீதான். தீபாவளி அதிரசத்தைக்கூட அவன் கண் முன்னாலேயே பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

அப்படியும் அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறித்தான் இருந்தது.

"டீக்கடையில திருட்டுத்தனமா என்னாத்த முழுங்குறீங்க?" என்று பிடித்துக்கொண்டாள்.

"சாமி சத்தியமா ஒண்ணும் தின்னல செல்வி."

அவள் நம்பவில்லை. நம்பாதது மட்டுமா, முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

இருவருக்கும் விருத்தாசலத்தில் ஒரே செராமிக் கம்பெனியில்தான் வேலை. அவன் சூளையில் சாமான் அடுக்குகிறவன். அவள் சாமானுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேசுக் கலவை போடுகிறவள். சூளைச் சூட்டில் மனுஷன் துவண்டுபோகிறானே என்று தெம்பு பானம் ஒன்றைத் தேடிப் பிடித்தவளும் அவளேதான். கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவில்லை. பாட்டிலைத் திருப்பி, பின்பக்கம் நூறு என்று போட்டு அதன் கீழே சர்க்கரை பதினொரு கிராம் என்று இருந்ததைப் படித்துப் பார்த்தாள். கிளேசு போடுகிறவர்களுக்கு நூறு என்றால் முழுக் கலவை. எல்லாப் பொடியும் சேர்ந்துதான் நூறு. ஆக, முழு பாட்டிலுக்கும் பதினொன்று, ரெண்டு ஸ்பூன். வியர்வை கொட்டுகிற உடம்புக்கு அதுகூட வேண்டாமா? பேச்சு நின்ற நாட்களிலும் மத்தியானம் ஆனால் பாட்டிலை அவன் கையில் திணிக்கத் தவறவில்லை.

அன்று காலை சூப்பர்வைசர் பாரதி வந்து, "அக்கா, இன்னிக்கு அறுநூறு கிலோ போடணும்" என்றாள். வழக்கம்போல நூறு கிலோவுக்கான அளவை எல்லாப் பொடிக்கும் ஆறால் பெருக்கி நிறுத்துப் போட்டாள் செல்வநாயகி. சாப்பாட்டு நேரத்தில் பையிலிருந்து பாட்டிலை எடுத்தபோது, முன்பக்கம் பெரிதாக அச்சடித்திருந்தது கண்ணில் பட்டது. அறுநூறு மில்லி.

திருப்பினாள். நூறு மில்லிக்குத்தான் பதினொன்று. அப்படியென்றால் ஆறு பதினொன்று?

"அடி பாவி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பாரதி ஓடி வந்தாள்.

"அறுவத்தாறு கிராம்டி! ஸ்பூனுக்கு அஞ்சுன்னு வச்சாலும் பதிமூணு ஸ்பூன்! டீக்கு ஒரு சிட்டிகை போடாம, தெனமும் பதிமூணு ஸ்பூனை நானே ஊத்தியிருக்கேன்!"

இந்தக் கணக்கைத்தானே தினமும் போடுகிறாள்! அப்படியே சூளைக்கு ஓடினாள். கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த சாமிக்கண்ணு, பாட்டிலைப் பார்த்ததும் பழக்கத்தில் கையை நீட்டினான். அவள் அதைத் தரையில் கவிழ்த்துவிட்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள்.

"உங்க மேல அநியாயமா பழி போட்டுட்டேங்க" என்று தேம்பினாள். "அவ்ளோ இனிப்பா இருந்திருக்குமே, ஒரு நாளாவது வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கு அது புடிக்கவே புடிக்காது செல்வி" என்றான் அவன். "நீ பேசாம இருந்தப்பகூட அதை மட்டும் கொண்டாந்து குடுத்த. வேணாம்னா அதுக்கும் வரமாட்டியோன்னு குடிச்சிட்டேன்."