தலை கிடைக்காத டைனோசருக்கு ஒரு பட்டாசு லேபிள்

லேபிள் படம் வரைகிற வேலையில் இருந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? நாம் ஒன்று வரைவோம். அதைத் திருத்த ஊரே வரும்!

ஆனைக்கு என்ன குறை?

விலங்கியல் படிக்கும் நான் விடுமுறைக்குச் சிவகாசி அச்சகமொன்றில் படம் வரைந்தேன். எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி ஒன்று தீபாவளி சீசனுக்குப் புது லேபிள் கேட்டது. "டைனோசர்!" என்று குதித்தேன். நெடுங்கழுத்து, தழை தின்னி, தொடையெலும்பே என் உயரம்; ஆனையெல்லாம் அதன் பக்கத்தில் கன்றுக்குட்டி! "ஆனை போதாதா?" என்ற அச்சக முதலாளி, அரைமணி நேரம் வாதாடியதில் இறங்கி வந்தார்.

"சரிம்மா, வரைங்க. கம்பெனிக்காரர் வேண்டாம்னுட்டா, பேசாம பழையபடி ரோசாப்பூவுக்கு இதழ் போடணும், ஆமா!"

தலை எங்கே?

ஆராய்ச்சியாளர்கள் தோண்டியதில் இந்த டைனோசருக்குக் கிடைத்தவை தொடையெலும்பும் சில கழுத்தெலும்புகளும்தான். அதனால் தலை இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டேன். மூத்த ஓவியர் சாமுவேல் அண்ணன் பதறிப்போய், ஒரு வெள்ளாட்டுத் தலையை ஒட்டவைத்தார். காதுகளை அழிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. "யாருமே பார்க்காத தலையை வரைவது பொய் இல்லையா அண்ணே?" என்றேன்.

"யாருமே பாக்கலைன்னா, இது அந்தத் தலை இல்லைன்னு சொல்ல எவன் வரப்போறான், தங்கச்சி?"

நெற்றியில் சிவப்பு

புது லேபிளின் முதல் ப்ரூஃபுக்குப் பூஜை போட்டுக் குங்குமம் வைப்பது எங்கள் அச்சக வழக்கம். அந்த ப்ரூஃபே சிவப்பு நிறத்துக்கு அச்சுப் பிளேட் செய்கிற மாடசாமியிடம் போய்விட்டது. கட்டுக் கட்டாக அச்சாகி வந்ததில், ஒவ்வொரு டைனோசர் நெற்றியிலும் வட்டமாக ஒரு பொட்டு! "ஊர்வனவற்றுக்குப் பொட்டா?" என்று அலறினேன்.

"ப்ரூஃப்ல உள்ளது உள்ளபடி வரணும்னு காலையில கத்துனது நீகதான?"

கம்பெனிக்காரர் வந்தார்

லேபிளை நீட்டினேன். மறைக்க மனம் வரவில்லை. தலை ஊகம், பொட்டு தவறு என்று நானே சொல்லிவிட்டேன். அவர் அதைக் காதில் வாங்கினால்தானே! லேபிளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"மகாலெச்சுமி மாதிரியில்ல இருக்கு! ஏந்தாயி, இம்புட்டு லெச்சணமான பொண்ணைத் தனியா நிறுத்தலாமா? பக்கத்துலயே ஒரு மாப்பிள்ளையையும் போடுங்க, ஆர்டரை ரெண்டாக்கிருதேன்!"

அறிவியல் இன்னும் அந்த விலங்கின் தலையைத் தேடிக்கொண்டிருக்கிறது. நாங்களோ அதற்குக் கல்யாணமே முடித்துவிட்டோம்.