போணிக்கு வந்த ஒரு கட்டு கம்பி

பிள்ளைகளா, உங்கள் சித்தப்பா வண்டியின் ஹாரன் தெருவில் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன பயன்? என் முகத்தைப் பார்த்து நீங்களே சிரிக்கிறீர்கள்.

சகலைகளான நானும் அவரும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரே வரிசையில் குட்டியானை வண்டியை நிறுத்தி லோடுக்குக் காத்திருப்போம். கம்பிக்கடை அண்ணாச்சி நிரந்தரமாக ஒரு வண்டி வைக்கப்போகிறார் என்று பேச்சு. அந்த இடம் கிடைத்தால் வரிசையில் காயும் பிழைப்பு தீரும். அது எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன்.

ஒரு நாள் காலையில் வரிசையில் முதலில் நின்றது என் வண்டி. அண்ணாச்சி வந்தார்.

"எம்.கே.பி. நகருக்கு ஒரு கட்டு கம்பி. போயிட்டு வந்திருதியளா?"

முதல் சவாரியான போணி சின்னதாக விழுந்தால் நாள் முழுக்கச் சின்னதாகவே விழும் என்பது எங்கள் வரிசையில் பலருடைய கணக்கு. நானும் அதைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன்.

"போணிக்கு இதுவா அண்ணாச்சி? பெருசா ஒண்ணு குடுங்க."

பின்னாலிருந்து உங்கள் சித்தப்பா குரல் கொடுத்தார். "குடு அண்ணாச்சி, நா எத்துனு போறேன். கம்பிக்குத் தெரியுமா இன்னா போணின்னு?"

பிறகும் சின்ன லோடுகள் வந்தன. இவ்வளவு நேரம் நின்றுவிட்டு இதற்கா போவது என்று எல்லாவற்றையும் விட்டேன். நின்ற நேரம் போனது போனதுதான், அதற்காக இன்னும் நிற்க வேண்டியதில்லை என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. மதியம் சித்தப்பா திரும்பி வந்தார்.

"இன்னா சகல, இன்னும் நின்னுகினு கீற? நா மூணு நடை அட்ச்சிட்டேன் மாமு!"

அந்த மாதமே நிரந்தர இடம் அவருக்குப் போனது. உங்கள் அம்மா சும்மா இருப்பாளா?

"என் தங்கச்சி வூட்ல புது ஃபிரிட்ஜ் வந்து கீது. நம்ம வூட்டுக்கு உன் போணி எப்ப வரும்?"

போன வாரம் அண்ணாச்சி கடையில் சரக்கு அதிகம். சித்தப்பா வரிசைக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். "சகல, எண்ணூருக்கு ஒரு கட்டு கீது. போணிக்கு ஒத்துக்குமா?" வரிசையே சிரித்தது. இந்த முறை போணியைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அவர் கையால் வருகிறதே என்பதுதான் குத்தியது. முடியாது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வண்டிகளை ஒருமுறை பார்த்தேன்.

"ஏத்து" என்றேன்.

எண்ணூர் போய்ச் சேரும்வரை வயிறு எரிந்தது. இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு வந்தேன். "நாளைக்கும் சின்னதுதான் இருக்கு, வாரியளா?" என்றார் அண்ணாச்சி.

"வரேன் அண்ணாச்சி."

வெளியே உங்கள் சித்தப்பா வண்டி ஹாரன் அடித்தது. என் வண்டியில் ஏறி நானும் அடித்தேன், கொஞ்சம் பலமாகவே.