நாற்பத்திரண்டா ஐம்பத்தேழா

2024 செப்டம்பர் பத்தொன்பது, வியாழக்கிழமை. கமருன்னிஸா அக்கா நாகூரிலிருந்து முதல் பேருந்தில் துறைமுகத்துக்குக் கிளம்பினார். நன்னிலத்தில் நானும் ஏறிக்கொண்டேன். என் மடியில் ஒரு யூரியா சாக்கு. அதற்குள் இரும்பு வளையம் வைத்த நாற்பது தோல் வார்கள்.

"சாக்கப் பத்திரமாப் புடி வானதி. என் வேலையே அதுக்குள்ளதான் கெடக்கு" என்றார் அக்கா.

அவர் சுங்கத் தரகர் அலுவலகம் ஒன்றில் இருபது வருடமாக இருக்கிறார். கப்பலில் வரும் சரக்கு எந்த வகை என்று தாள் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. கையெழுத்துப் போட ஓர் அட்டை வேண்டும். அதற்கான தேர்வில் இரண்டு முறை தோற்று, சின்ன மகள் பிறந்த நாற்பதாம் நாள் மூன்றாவது முறை எழுதித் தேறியவர். தெரிந்தே வகையை மாற்றி எழுதினார் என்று முடிவானால் அந்த அட்டை போய்விடும்.

அவருடைய வாப்பா அப்துல் வஹாப் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். பெட்டிகளைப் பிரித்து அடுக்கி வளர்ந்த அக்கா, எந்தப் பொருளைக் கண்டாலும் எதில் செய்தது என்று கேட்கமாட்டார். "இத யாரு, எங்க மாட்டிக்கிறது?" என்றுதான் கேட்பார்.

இந்தச் சிக்கல் என்னால் வந்தது. துருக்கியில் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை பார்த்தபோது, ஒரத்தநாட்டுப் பக்கம் குதிரையேற்றப் பள்ளி தொடங்கிய என் மாமா துரைராசுக்காக இருபது சேணங்களும், சேணத்துக்கு அடியில் போடும் இருபது நெய்த விரிப்புகளும் வாங்கி அனுப்பினேன். விரிப்புகளைக் குதிரைமேல் கட்டி நான் எடுத்தனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் அக்கா தாள் எழுதினார். குதிரைச் சாமான், எதில் செய்திருந்தாலும், சுங்கப் பட்டியலில் நாற்பத்திரண்டாம் அத்தியாயம். தரையில் விரிக்கிற கம்பளம் ஐம்பத்தேழு.

ஆனால் நான் விரிப்புகளிலிருந்த வார்களை எல்லாம் உருவிவிட்டிருந்தேன். இரும்போடு துணியைச் சுருட்டி வைத்தால் துருக்கறை ஏறும் என்பது எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஐப்பசியிலும் கேட்டு வளர்ந்த பாடம். மழை பெய்யாத ஊரிலும் கை அதையே செய்தது. தோல் பூஞ்சை பிடிக்குமே என்று வார்களை என் பெட்டியிலேயே கொண்டுவந்து பரணில் போட்டுவிட்டேன். துறைமுகத்தில் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அழகான இருபது கம்பளங்கள்தான் தெரிந்தன. வரியைக் குறைக்க அக்கா வகையை மாற்றி எழுதிவிட்டார் என்று சரக்கை நிறுத்திவைத்தார்கள்.

ஏழு மணி நேரப் பயணம். சரக்குக் கொட்டகையில் அதிகாரி ஒரு விரிப்பைத் தரையில் விரித்து வைத்திருந்தார்.

"நீங்களே சொல்லுங்கம்மா, இது கம்பளம்தானே? எங்க வீட்டு ஹால்ல இதே மாதிரி ஒன்னு கெடக்கு."

"ஹால் கம்பளத்துல நாலு ஓட்டை இருக்கா சார்?"

"எலி கடிச்சிருக்கும்."

"கடிச்சுட்டு, சுத்தி நூலால தச்சுட்டும் போயிடுச்சா?"

அதிகாரி குனிந்து பார்த்தார். அக்கா சாக்கிலிருந்து ஒரு வாரை எடுத்து ஓட்டையில் நுழைத்தார். அளவு கச்சிதம்.

"சரி, வாரு நுழையுது. குதிரையில உக்காரும்னு எப்படி நம்புறது?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "குத்தம் பண்ணினவ நீதானே புள்ள? குனி."

கையையும் முழங்காலையும் ஊன்றி நின்றேன். முதுகில் விரிப்பு விழுந்தது, அதன்மேல் சேணம். இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தொங்கியது. ஓட்டைகள் சேணத்தின் வளையங்களுக்கு நேராக வந்து நின்றன. அக்கா வாரைக் கோத்து என் வயிற்றுக்கு அடியில் இழுத்துப் பூட்டினார். மூட்டை தூக்குபவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள்.

"நடக்கச் சொல்லவா சார்?"

"வேணாம், வேணாம். அந்தப் பொண்ண எழுந்திரிக்கச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பார்த்ததை அப்படியே எழுதிக்கொண்டார். வகையை மேலதிகாரிதான் தீர்மானிக்க வேண்டும் என்றும், அதுவரை, வரி கூடினால் கட்டுவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்துச் சரக்கை எடுத்துப் போகலாம் என்றும் சொன்னார். திரும்பும் பேருந்தில் அக்கா பாதி நிம்மதியோடு வேர்க்கடலை உரித்தார். அட்டை கழுத்திலேயே தொங்கியது. "இன்னும் எத்தன நாளைக்கோ" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

விரிப்புகள் மாமாவின் குதிரைகள்மேல் ஏறின. நான் லடாக் போய்வந்தேன், அஸ்ஸாம் போய்வந்தேன். எங்கிருந்து கூப்பிட்டாலும் அக்காவிடம் முதலில், முடிவு வந்ததா என்றுதான் கேட்பேன். "கோப்பு மேசையில தூங்குது" என்பார். சிரித்துக்கொண்டே சொன்னாலும், தாள்களில் கையெழுத்துப் போடும் முன் மூன்று முறை படிக்கிறார் என்று பெரிய மகள் அனீஸா சொன்னாள்.

அடுத்த ஆகஸ்டில் ஒருநாள் நன்னிலத்தில், நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக் கரையேறியபோது, கைப்பேசியில் அக்காவின் குரல் வந்திருந்தது:

"வானதி, ஆர்டர் வந்துடுச்சு. நாப்பத்திரண்டுதான். நான் எழுதினது சரின்னு போட்டிருக்காங்க. அட்டையயும் புதுப்பிச்சுக் குடுத்துட்டாங்க. நீ குனிஞ்சது வீண் போகல புள்ள. இனிமே எந்த ஊருலேருந்து எத அனுப்பினாலும், வார உருவாம அனுப்பு."