யாருக்காக யார் நின்றார்

மருத்துவமனையில் கணினிகளைப் பராமரிக்கும் அவருக்கு நொடிக்காரர் என்று பெயர். அங்குள்ள லினக்ஸ் கணினிகளில் எது ஆன் ஆகத் தாமதித்தாலும் அவர் வந்து ஒரு கட்டளை தட்டுவார். எந்த நிரல் எத்தனை நொடி தின்றது என்று பட்டியல் வரும். பட்டியலில் முதலில் இருப்பதை யாராவது திட்டினால் அவருக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

"அது பாட்டுக்கு ஓரமா வேலை செஞ்சிருக்கும். யாருக்காக யாரு காத்துக்கிட்டு நின்னாங்கன்னு பாருங்க" என்று வேறொரு கட்டளை தட்டுவார். பதிவு அறைக் கணினி, எப்போதோ தூக்கிப்போட்ட பிரிண்டருக்காகத் தினமும் தொண்ணூறு நொடி காத்திருந்ததை அப்படித்தான் பிடித்தார்.

போன வாரம் மகள் மூன்று நாள் பள்ளிக்குத் தாமதமாகப் போனாள். நொடிக்காரர் கடிகாரத்தோடு உட்கார்ந்து கணக்கெடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். மனைவியின் சமையல் ஐம்பது நிமிடம், மகளின் அலங்காரம் முப்பது, தன் குளியல் இருபத்தைந்து.

மனைவி நிதானமாகப் படித்தாள்.

"எல்லாம் சரிதாங்க. நான் சமைக்கிறப்ப யாரும் எனக்காக நிக்கல. இவ தலை வாருறப்பவும் நிக்கல. நீங்க குளிக்கிறப்பதான் நாங்க ரெண்டு பேரும் பாத்ரூம் வாசல்ல நிக்கிறோம்."

மறுநாளிலிருந்து நொடிக்காரர் மருத்துவமனையில் குளிக்கிறார்.