சுட்ட கை

எங்கள் கண்ணாடிப் பட்டறையில் கங்கு அக்காவிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. பாட்டில்களை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவது அவள் வேலை. பக்கத்து இடம் எனக்கு. எரியும் கரிக் கங்கை வெறும் விரலால் எடுத்துப் போடுவாள், அதனால்தான் அந்தப் பெயர். அவள் பெரிய முதலாளியின் மகள் என்பது பட்டறைச் சுவர்களுக்குக்கூடத் தெரியும். சொல்லத்தான் யாருக்கும் துணிச்சலில்லை. சோறு போடும் இடமாயிற்றே.

முதலாளி வம்சத்து ரத்தத்தை நெருப்பு சுடாது. புது முதலாளி வந்தால் பழைய தீயை அணைத்து உலையைப் புதிதாக மூட்டுவார்கள். உருகி வரும் முதல் கண்ணாடியை அவர் எல்லோர் முன்னாலும் வெறுங்கையால் அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் உலையில் தீ நிற்காது.

கங்கு அக்காவின் அம்மா அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். கைக்குழந்தையோடு போய் வாசலில் நின்று நியாயம் கேட்டாள். முதலாளியம்மா பழுக்கக் காய்ச்சிய கரண்டியைக் கொண்டுவந்து குழந்தையின் உள்ளங்கையில் வைத்தாள். தோல் பொசுங்கியது.

"பாத்தியா, சுட்டுடுச்சு. இது யாருக்குப் பொறந்ததோ, அங்க போய்க் கேளு."

மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். படுபாவி. அதன்பிறகு தெருவெல்லாம் அதே கேள்வியைக் கேட்டது. கேட்டுக் கேட்டே அந்தத் தாயைச் சாகடித்தது.

ஆனால் ஆறிய கையை அப்புறம் எந்த நெருப்பும் சுடவில்லை. தன் மகளுக்கும் அப்படியே நடந்தபோதுதான் அக்காவுக்குப் புரிந்தது, இந்த ரத்தம் ஒருமுறை சுடுபட்டால்தான் விழிக்கும் என்று. என்னிடம் மட்டும்தான் இதைச் சொன்னாள்; அந்த மாளிகையில் யாருக்கும் தெரியாது. பெரிய முதலாளி தவழும் வயதில் எந்த அடுப்பில் கை வைத்தாரோ, யாருக்கு நினைவிருக்கும்? முதலாளியம்மாவோ தன் மகனை அடுப்படிப் பக்கமே விடாமல் பொத்திப் பொத்தி வளர்த்தாள்.

பெரிய முதலாளி போய்ச் சேர்ந்தார். மகன் தோல் கையுறை போட்டு அதைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு கண்ணாடியை அள்ளினான்; சாயங்காலத்துக்குள் உலை அணைந்துபோனது. மறுபடி மூட்டினார்கள், மறுபடி அணைந்தது. கடைசியில் எங்கள் வைக்கோல் கூடத்துக்கு அவனே இறங்கி வந்தான்.

"அக்கா," என்றான். "நீங்கதான் அள்ளித் தரணும். நீங்களும் அப்பா ரத்தம்தானே."

"இப்பத்தான் ரத்தம் தெரியுதா தம்பி? சரி, அள்றேன். எல்லாரும் பாக்கணும். உங்கம்மா முன்னால உக்காந்து பாக்கணும்."

மறுநாள் காலையில் முதலாளியம்மா நாற்காலி போட்டு அமர்ந்தாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போய், பானையிலிருந்து சோறு அள்ளுவதுபோல உருகிய கண்ணாடியை அள்ளினாள். உலை உறுமிக்கொண்டு எரிந்தது. அவள் திரும்பி அந்தக் கண்ணாடியைத் தம்பியிடம் நீட்டினாள்.

"ஒரே ரத்தம்தானே. பிடிங்க."

இத்தனை பேர் முன்னால் பின்வாங்க முடியாமல் அவன் கையை நீட்டினான். அவன் போட்ட அலறலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"சுட்டுடுச்சே," என்றாள் அக்கா, முதலாளியம்மாவைப் பார்த்து. "இது யாருக்குப் பொறந்தது? சொல்லுங்கம்மா."

அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து மகனிடம் ஓடினாள். கல்நெஞ்சுக்காரிதான், ஆனால் புருஷனுக்குத் துரோகம் செய்தவள் இல்லை. அது எனக்கும் அக்காவுக்கும் தெரியும். தொழிலாளிகளோ ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெந்த கையைப் பிடித்துக்கொண்டு மகனும் தாயை அப்படித்தான் பார்த்தான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மத்தியானம் மெதுவாகச் சொன்னேன். "புண்ணு ஆறினா அவருக்கும் சுடாதில்லக்கா? சொல்லிடலாமே."

அக்கா பாட்டிலைச் சுற்றி வைக்கோலை இறுக்கினாள்.

"சுடாது. ஆனா இனிமே அவன் தீப்பெட்டியக்கூடத் தொடமாட்டான். எங்கம்மா அந்தக் கேள்வியக் காதுல வாங்கி வாங்கியே செத்தா. இவங்களும் வாங்கட்டும்."

உலை இன்றும் அவள் அள்ளி நிறுத்திய தீயில்தான் எரிகிறது. முதலாளியம்மா மகனைப் பார்க்கத் தினமும் பட்டறை வாசல்வரை வந்து திரும்பிப் போகிறாள். மகன் அவளிடம் பேசுவதில்லை. அவன் கை என்றோ ஆறிவிட்டது. நானும் இதுவரை வாய் திறக்கவில்லை.