நான்காவது நகம்

கண்டியில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் றம்லத் பதினெட்டு வருடமாக ஒரே வேலையைத்தான் செய்கிறார்: பட்டறையிலிருந்து வரும் மோதிரங்களில் குறை தேடுவது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சின்னக் கண்ணாடியைக் கண்ணில் வைத்து, கல்லைப் பிடித்திருக்கும் நகங்கள் ஒரே கனத்தில் இருக்கின்றனவா, கல்லோடு ஒட்டி உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். பிறகு பஞ்சால் துடைப்பார். ஒரு நார் சிக்கினாலும் மோதிரம் பட்டறைக்குத் திரும்பிவிடும். கடைசியாகக் காதருகே வைத்து விரலால் தட்டுவார். தளர்ந்த கல் சத்தம் போடும்.

அதே கடையில் கல் பதிக்கும் நிரஞ்சன், மஹய்யாவைக்காரர், றம்லத்துக்கு வைத்த பெயர் 'கஸ்டம்ஸ்'.

வீட்டிலும் றம்லத் அப்படித்தான். மின்சார பில் வந்தால் மீட்டரைப் போய்ப் பார்க்காமல் கட்டமாட்டார். மகள் ஆஸிகாவுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கிய அன்றே கணவர் ஹுஸைன் சொல்லிவிட்டார்: "அந்தக் கண்ணாடிய மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்துராத."

றம்லத் கொண்டு வரவில்லை. மோதிரத்தைத்தான் கண்ணாடியிடம் கொண்டு போனார்.

மாப்பிள்ளை ரிஸ்மி அக்குறணையைச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுப் பெண்கள் குண்டசாலையில் றம்லத்தின் வீட்டுக்கு வந்து, ஆஸிகாவின் விரலில் நீலக்கல் மோதிரம் போட்டு, நிக்காஹ்வுக்குத் திகதியும் குறித்துவிட்டுப் போனார்கள். சாப்பாட்டு மேசையில் மகளின் கை வெளிச்சத்தில் திரும்பியபோது, நான்கு நகங்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி மின்னியதை றம்லத் கண்டார்.

மறுநாள் காலை, "மாவு பிசையிற கையில என்னத்துக்கு மோதிரம்? கழட்டித் தா" என்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

கண்ணாடிக்குக் கீழே எல்லாம் தெரிந்தது. மூன்று நகங்கள் ஒழுங்கு. நான்காவது தடித்திருந்தது, நிறமும் கொஞ்சம் வெளிறியிருந்தது. வளையத்தின் உட்புறம் மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. வளையத்தை அறுத்து மறுபடி ஒட்டிய இடம் அது.

நிரஞ்சன் வாங்கிப் பார்த்தார். "பெரிய மோதிரத்த அறுத்து சின்னதாக்கியிருக்காங்க அக்கா. சூடு படாம இருக்க கல்லக் கழட்டியிருப்பாங்க. அப்ப ஒரு நகம் ஒடஞ்சிருக்கும், புதுசா வச்சிருக்காங்க. வேல சுமாருதான்."

"அப்ப இது முந்தி வேற விரலுக்குச் செஞ்சது."

"மாப்பிள்ள வீட்டுக்கு அளவு குடுத்தீங்கதானே?"

"குடுத்தன். குடுத்த அளவுக்குச் செஞ்சா என்னத்துக்கு அறுக்கணும்?"

"கல்லு நல்ல கல்லு அக்கா."

"அதுதான் இன்னும் சந்தேகம். இவ்வளவு நல்ல கல்ல யாருக்கு வாங்கினாங்க?"

மத்தியானத்துக்குள் றம்லத்தின் மனதில் கதை முழுசாகிவிட்டது. ரிஸ்மிக்கு முன்பு ஒரு பெண்ணோடு நிச்சயமாகி அது முறிந்திருக்கிறது. அவளுக்குக் கொஞ்சம் பருத்த விரல். திரும்பி வந்த மோதிரத்தை அறுத்து ஆஸிகாவுக்குப் போட்டுவிட்டார்கள். முறிந்தது குற்றமில்லை. மறைத்ததுதான் குற்றம். சம்பந்தம் பேசிய பஸ்னாவுக்குப் போன் எடுத்துக் கேட்டார்.

"அல்லாஹ் மேல ஆணை றம்லத், அந்தப் பொடியனுக்கு முந்தி ஒரு எடத்திலயும் பேசல்ல!"

கேட்டது ஒரு கேள்வி. அதற்கு எதற்கு ஆணை? சந்தேகம் இரண்டு மடங்கானது.

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் மோதிரத்தை மேசையில் வைத்து, மாப்பிள்ளையின் தாயாரை அழைக்கப் போனைக் கையிலெடுத்தார். "மோதிரம் திரும்பிப் போகுது. நிக்காஹ் இல்ல."

ஆஸிகா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "உம்மா, வைங்க போன!"

"யாருக்குச் செஞ்ச மோதிரம் எண்டு அவங்களே சொல்லட்டும்."

"எனக்குத்தான். நீங்க அனுப்பின அளவுக்கு."

மோதிரம் செய்யுமுன் பெண்ணின் மோதிரமொன்றை அளவுக்கு வாங்கிப் போவது வழக்கம். பஸ்னா அதற்காக வந்தபோது, தங்க மோதிரத்தை அவரிடம் கொடுத்துவிட றம்லத்துக்கு மனம் வரவில்லை. அலுமாரியின் அடியில் கிடந்த பழைய வெள்ளி மோதிரமொன்றை எடுத்துக் கொடுத்திருந்தார்.

"அது உங்கட மோதிரம் உம்மா. என்ட பெருவிரலுக்குத்தான் நிக்கும்."

பதினெட்டு வருடம் மற்றவர்களின் மோதிரங்களைத் திருப்பி அனுப்பியவர், தான் கொடுத்ததை மகளின் விரலில் ஒருதரம் போட்டுப் பார்க்கவில்லை. ஆனால் அவர் வாயில் வந்தது வேறு கேள்வி.

"பெருசு எண்டு அவங்களுக்கு ஆர் சொன்ன?"

ஆஸிகா சுவரைப் பார்த்தாள். "நான்தான். அவர் மோதிரத்த படம் எடுத்து அனுப்பினார். பாத்த ஒடனே சொன்னன், விழுந்துரும் எண்டு."

"படம் வேறயா? எத்தின நாளாப் பேசுறீங்க?"

"ரெண்டு மாசம்."

றம்லத் கதிரையில் உட்கார்ந்தார்.

"நீங்க பிழையான அளவு குடுத்தது அவங்கட உம்மாக்குத் தெரியாது. கடைக்காரன்ட பிழை எண்டு சொல்லித்தான் அவர் அவசரமா அறுத்தெடுத்திரிக்கார்."

"அப்ப பொய்யும் சொல்லுவார்."

"உங்கட மானத்துக்காக, உம்மா!"

றம்லத் மகளின் போனைக் காட்டினார். "எடு. சத்தமாப் போடு."

ரிஸ்மியின் குரல் உற்சாகமாகத் தொடங்கி, பேசுவது யாரென்று தெரிந்ததும் சுருங்கியது.

"மகன், அந்த நாலாவது நகம் ஆறு மாசம் தாங்காது. என்ட மகள்ட கையிலிரிந்து கல்லு விழும். சனிக்கிழம நீங்களே எங்கட கடைக்கு வாங்க."

"சரி மாமி."

"அறுத்த கடையிட பில்லும் வேணும்."

"வெச்சிரிக்கன் மாமி."

சனிக்கிழமை ரிஸ்மி நிரஞ்சனின் மேசைக்கு முன்னால் அரை நாள் உட்கார்ந்திருந்தார். பழைய நகம் போய்ப் புதியது வந்தது. றம்லத் அதை இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தார்.

"பயப்படாதீங்க தம்பி," என்றார் நிரஞ்சன். "என்னைய இவங்க பதினெட்டு வருஷமா நம்பல. நானும் இன்னும் வேலையிலதான் இருக்கேன்."

மூன்றாம் முறை நார் சிக்கவில்லை. ரிஸ்மி பில்லை நீட்டினார். வளையம் சின்னதாக்கியது, ஒரு நகம் வைத்தது என்று எழுதியிருந்தது; திகதி, மோதிரம் போட வருவதற்குப் பன்னிரண்டு நாள் முந்தியது. றம்லத் முன்பக்கம் வாசித்தார். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"நிக்காஹ் திகதிய மாத்தத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டு, பில்லை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.