சேர்ந்து ரொட்டி சாப்பிடுகிறவர்கள்

எங்கள் மாட்டுங்கா வீட்டில் பாவ் ரொட்டிக்கு வாசல் வரைதான் அனுமதி. மாவைக் காலால் மிதித்துப் பிசைகிறார்கள் என்று யாரோ எந்தக் காலத்திலோ சொன்னதை அப்பா விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். வடா பாவ் வேண்டுமென்றால் மாடிப்படியில் நின்று தின்றுவிட்டு, வாய் கொப்பளித்த பிறகுதான் உள்ளே வரவேண்டும். நானும் சித்தப்பாவும் பாதி ஆயுளை அந்தப் படியிலேயே கழித்தோம்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். ஆபீஸ் முடிந்ததும் பிரெஞ்சு வகுப்புக்குப் போவார். அங்கே கூடப் படித்த மாஹிம் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார். அவள் கிறிஸ்தவப் பெண். அப்பா ஒரு வாரமாகத் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை என்பதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா இட்லி சாப்பிட உட்கார்ந்ததும், சித்தப்பா வெளியிலிருந்து வாங்கி வந்த ஒரு பாவ் ரொட்டியை நேராக அவர் தட்டிலேயே வைத்தார். சட்னி போட வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா, லத்தீன்ல பானிஸ்னா ரொட்டி. கோம்னா சேர்ந்து. சேர்ந்து ரொட்டி சாப்பிடறவாதான் கம்பானியன். பிரெஞ்சுல கொம்பாஞோன், ஸ்பானிஷ்ல கோம்பஞேரோ, எல்லாத்துக்கும் வேர் ஒண்ணுதான். நீ தினம் போறியே கம்பெனி, அதுவும் இதுலேர்ந்து வந்ததுதான்."

முந்தின நாள் முழுக்க பால்கனியில் நடந்து நடந்து ஒப்பித்த பாடம் அது. எனக்கே மனப்பாடம் ஆகியிருந்தது.

"எங்க கம்பெனில அவாவா சாப்பாட்டு டப்பாவை அவாவாதான் திறப்பா" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா சாப்பிடாமல் வேறு யாரும் சாப்பிடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இட்லி ஆறியது. சித்தப்பா பால்கனிக்கும் சமையலறைக்குமாக நடந்தார். கைபேசி அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்து, பதில் போடாமல் பையில் போட்டுக்கொண்டார். பரணிலிருந்து பெட்டியை இறக்கி இரண்டு சட்டையை மடித்து வைத்தார். பிறகு வெளியே எடுத்தார். மறுபடி வைத்தார்.

"இன்னிக்கே வேற ரூம் பாத்துண்டு போயிடறேன் மன்னி."

"செத்த பேசாம இரேன்" என்றாள் அம்மா.

பசியில் எனக்கு உயிர் போயிற்று. ஒரு ரொட்டிக்காகவா இவ்வளவு ரகளை என்று எரிச்சலாக வந்தது. நிஜமாகவே சித்தப்பா போய்விடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. பெட்டியை அவர் பூட்டவிடாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

மத்தியானம் கதவு திறந்தது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டார்.

"மாஹிம்ல எந்தப் பக்கம்டா அந்தப் பொண்ணாத்துக்காரா இருக்கா? வழில பழம் வாங்கிக்கணும். முதல் தடவை போறச்சே வெறுங்கையோட போகப்படாது."

சித்தப்பா அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். அம்மா கண்ணைத் துடைத்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழம் வாங்கக் கூப்பிட்டதற்கு ஒரு பெரிய மனிதர் ஏன் இப்படி அழவேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. மாஹிம் ஒன்றும் அவ்வளவு தூரம் இல்லை, பஸ்ஸிலேயே போய்விடலாம் என்று அவருக்குச் சமாதானம் சொன்னேன்.